சீனியம்மாள் கன்னத்தில் வந்தது

சாத்தூர் பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தபோது சீனியம்மாள் மகள் வள்ளி போன் பண்ணினாள். "அத்தை, அம்மா போயிட்டாக." எனக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. சீனியம்மாளோடு பட்டாசுக் கம்பெனியில் வேலை பார்த்தவர்களே, உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

பதினெட்டு வருஷம் அவளும் நானும் ஒரே ஷெட்டில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து சரம் பின்னினோம். கேட்டில் தீப்பெட்டி, பீடி இருக்கிறதா என்று மடியைத் தடவிப் பார்ப்பார்கள். புகையிலையை மட்டும் விட்டுவிடுவார்கள். பற்றவைக்காத சரக்கில் என்ன ஆபத்து என்று நாமும் இருந்துவிட்டோம். காலையில் கன்னத்தில் அடக்கினால் மத்தியானம் வரை பசி தெரியாது. "இது வெடிக்காது மதினி, தைரியமாப் போடுங்க" என்பாள். நானும் போட்டேன்.

வள்ளிக்கு நிச்சயம் பண்ணியிருந்த நேரத்தில்தான், புகையிலை அடக்குகிற அதே கன்னத்தில் சீனியம்மாளுக்குப் புண் வந்தது. மதுரை ஆஸ்பத்திரியில் புற்றுநோய் என்றார்கள். பாதிக் கன்னத்தை அறுத்தெடுத்தார்கள். மாப்பிள்ளையின் தாயார் ஆள்விட்டுச் சொன்னார்: "தாய்க்கு வந்தது மகளுக்கு வராதா? சம்பந்தம் வேண்டாம்."

சீனியம்மாள் என்னைக் கூட்டிக்கொண்டு அந்த ஆஸ்பத்திரி டாக்டரம்மாவிடம் போனாள்.

"உடம்புல உள்ள செல்லு எப்ப வளரணும், எப்ப நிக்கணும்னு சொல்றது அதுக்குள்ள இருக்கிற ஜீன்தாம்மா. புகையிலை வருஷக்கணக்காப் பட்டுப்பட்டு உங்க கன்னத்துச் செல்லுல அது கெட்டுப்போச்சு. நிப்பாட்ட ஆளில்லாம பெருகிருச்சு."

"எம் மகளுக்குப் போகுமா?"

"போகாதும்மா. இது பிறவியில வந்ததில்ல, பின்னால கன்னத்துல வந்தது. பிள்ளைக்குப் போறது கருமுட்டையில உள்ள ஜீன்தான், கன்னத்துல உள்ளது இல்ல. மக புகையிலை போட்டா அவளுக்குத் தனியா வரலாம். அதை மட்டும் தடுத்துக்கோங்க."

மறுநாளே மாப்பிள்ளை வீட்டுக்குப் போனோம். அந்த அம்மாள் வாயில் புகையிலையோடுதான் எங்களை உட்காரச் சொன்னார். குழறின வாயால் டாக்டரம்மா சொன்னதை ஒன்றுவிடாமல் சொன்னாள் சீனியம்மாள். பிறகு கேட்டாள்: "நீங்க எந்தக் கன்னத்துல அடக்குறீக?"

மூன்றாம் நாள் சம்மதம் என்று சொல்லி அனுப்பினார்கள். சீனியம்மாள்தான் வேண்டாம் என்றுவிட்டாள். "நான் கெஞ்சப் போகல மதினி. எம் மக மேல போட்ட பழியை அவுக வாசல்லயே இறக்கிவைக்கத்தான் போனேன்." மறுவருஷம் வள்ளியை வெம்பக்கோட்டையில் கட்டிக்கொடுத்தாள். பழி போட்ட அந்த அம்மாளோடு நான் இன்றைக்கும் பேசுவதில்லை, இனியும் பேசமாட்டேன்.

இழவு வீட்டில் வள்ளி மடியில் அவளுடைய பெண் குழந்தை. பக்கத்தில் இருந்த ஒருத்தி முணுமுணுத்தாள்: "பரம்பரை வியாதி. இதுக்கும் வராம இருக்கணும்."

எழுந்து நின்று, வந்திருந்த அத்தனை பேருக்கும் கேட்கிற மாதிரி டாக்டரம்மா சொன்னதைச் சொன்னேன். இழவு வீட்டில் சத்தம் போடலாமா என்றார்கள். போடுவேன். சீனியம்மாளிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது அந்தப் பேச்சைத்தான். பாதிக் கன்னத்தை வைத்துக்கொண்டு அவள் பேசினாள். எனக்கு வாய் முழுசாக இருக்கிறது.