பல்லாரியில் இறங்கும் விமானம்

பம்பாய் எவ்வளவு தூரம் என்பதை முதன்முதலில் என் தங்கையின் தையல் நூலால்தான் அளந்தேன். பள்ளிக்கூடத்து அட்லாஸில் ஒரு முனையைச் சென்னையில் அழுத்தி, மறுமுனையைப் பம்பாய்வரை இழுத்துப் பிடித்தால் அறுநூற்றுச் சொச்சம் மைல். மணிக்கு நூறு மைல் பறக்கும் தபால் விமானத்துக்கு ஆறரை மணி நேரம்.

அளந்ததற்குக் காரணம் இருந்தது. பக்கத்திலேயே, கருமத்தம்பட்டியில், தோட்டமும் கிணறும் உள்ள ஒரு மாப்பிள்ளையை வீட்டில் ஏறக்குறைய முடிவு செய்திருந்தார்கள். தங்கைக்கோ பம்பாய்ப் பருத்திக் கடையில் வேலை பார்க்கும் தூரத்துச் சொந்தக்காரரைத்தான் பிடித்திருந்தது. என்னிடம் மட்டும் சொல்லியிருந்தாள். "அத்தனை தூரத்துக்குப் புள்ளையக் குடுக்கறதில்ல" என்று அம்மா பேச்சை முடித்துவிட்டாள். தூரம்தானே தடை? இன்டர்மீடியட் படிக்கிற நான் எதற்கு இருக்கிறேன்?

ஆனால் எங்கள் பக்கத்தில் தூரத்தை மைலால் யார் அளந்தார்கள்? வழியில் எத்தனை இடத்தில் வண்டி மாட்டை அவிழ்த்துத் தண்ணீர் காட்ட வேண்டும் என்பதே கணக்கு. ஒரு தடவை என்றால் சம்பந்தம் செய்யலாம். இரண்டென்றால் யோசிக்க வேண்டும்.

"ஆறரை மணி நேரமுங்கம்மா. காத்தால கெளம்புனா பொழுதோட பம்பாய் போயிரலாம்."

"அதுவரைக்கும் நிக்காமயா போகும் கண்ணு? எங்கதான் அவுத்துத் தண்ணி காட்டுவாங்க?"

பெட்ரோல் போட அது பல்லாரியில் இறங்குவதை வேண்டுமென்றே மறைத்திருந்தேன். கணக்கின் அழகு கெட்டுவிடுமே! வேறு வழியின்றி முனகினேன்: "பல்லாரில ஒருக்கா எறங்குமுங்க."

அம்மாவின் முகம் தெளிந்தது. "ஒருக்கா அவுக்கறதுதானா? அதை மொதல்லயே சொல்றதுக்கென்ன?"

வெற்றிக் களிப்பில் அப்பாவிடமும் போய் அதையே ஒப்பித்தேன். வெற்றிலை மடித்துக்கொண்டிருந்தவர் கையை நிறுத்தினார்.

"தூரமா இருந்தா புள்ள மாசத்துக்கொருக்கா கோவிச்சுட்டு வரமாட்டாள்னு நானு பம்பாய்க்குப் பாதி சம்மதமா இருந்தேன். அதுவும் பக்கந்தான்னா, தோட்டம் இருக்கறவனுக்கே குடுத்துபோடலாமே."

சமையலறையில் தங்கை தலையில் அடித்துக்கொண்டாள். "ஏனுங்கண்ணா, ஏரோப்பிளான் கணக்கு அம்மாளுக்கு. ரயில் கணக்கு அய்யனுக்கு. இதுகூடத் தெரியாம காலேஜுல என்னத்தப் படிக்கறீங்க? அதுசரி, ஏரோப்பிளான் ஏற மெட்ராசுக்கு ராத்திரி பூரா ரயில்ல போகோணுமே, அதை எங்க உட்டீங்க?"

அதை மட்டுமா விட்டிருந்தேன்? தபால் மூட்டைகளுக்கு நடுவே ஓர் ஆளுக்கு இடம் கிடைப்பதே அதிசயம்.

மறுபடி அப்பாவிடம் போனேன். விமானத்தைத் தரையில் இறக்கிவிட்டு ரயிலை ஓட்டினேன். அரக்கோணத்தில் மாற வேண்டும், வண்டி தவறினால் பிளாட்பாரத்திலேயே படுக்கை, கண்ணில் கரி என்று முடிந்தமட்டும் பம்பாயைத் தள்ளிவைத்தேன். அப்பா நிதானமாக வெற்றிலையை வாயில் போட்டார்.

"வந்து சேர்றதுக்குள்ள கோவமே ஆறிப்போயிரும். செரி, செஞ்சுபோடலாம்."

கல்யாணம் முடிந்து ரயிலேற்றப் போனபோது, அம்மா ஜன்னல் வழியாகப் புளிச்சோற்றுப் பொட்டலத்தை நீட்டினாள். "பல்லாரில அவுக்கறப்ப ரெண்டுபேரும் பிரிச்சுத் தின்னுங்க. அதுக்கு மின்னால தொட்றாதீங்க."

அந்த ரயில் பல்லாரிப் பக்கமே போகாது. தங்கை என்னை ஒரு பார்வை பார்த்தாள். "செரிங்கம்மா" என்றாள்.

அவளை எனக்குத் தெரியும். கருமத்தம்பட்டிக்காரர்கள் இறங்கும் சோமனூர் ஸ்டேஷனைத் தாண்டியதுமே பொட்டலம் பிரிந்திருக்கும்.