பாறையில் விழுந்த வெள்ளை

“…மத்ததெல்லாம் நல்லாத்தான் வந்துகீது. இந்தப் பாறையில மட்டும் இன்னாடா பொத்தல்?” என்றான் அவன், புத்தகத்தைக் கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோய்.

கள்ளக்குறிச்சிக் கடைத்தெருவில் ஒரு பாத்திரக் கடைக்கு போர்டு எழுதிக்கொண்டிருந்தவனை ஏணியிலிருந்து இறங்கச் சொல்லி, எங்கள் முதல் சித்திரக்கதையை நான்தான் கையில் கொடுத்தேன். கதை என்னுடையது. படம் அவனுடையது.

நான் பத்தாவதோடு நின்றவன். பேச்சுப் பொறுக்குகிற பழக்கம் மட்டும் உண்டு. பஸ்ஸிலோ டீக்கடையிலோ யாராவது ஒரு நல்ல சொல் சொல்லிவிட்டால் சிகரெட் அட்டையில் குறித்துக்கொள்வேன். அவன் போர்டு ஆர்ட்டிஸ்ட். தியாகதுருகம் பக்கத்தில் ஒரு காலனிக்காரன். நான் ஊர்த் தெருக்காரன். கடை, டாக்டர், வக்கீல், லாரியின் நெற்றி என்று ஊரில் பாதிப் பேருடைய பெயர் அவன் கையால் வந்ததுதான். “பேரு சோறு போடுமாடா?” என்று ஒருமுறை கேட்டேன். “போடாது. ஆனா சோறு போடற எடத்துல மரியாதையா உக்கார வெக்கும்” என்றான். அட்டையில் குறித்துக்கொண்டேன்.

வசனத்தை நான் உரக்கப் பேசிக் காட்டவேண்டும். அவன் என் வாயைப் பார்த்து மூஞ்சி போடுவான். பேச்சுக் குமிழிக்குள் எழுத்து நிரம்பினால், “இவ்ளோ பேசினா அந்தாளு எப்படா மூச்சு வுடுவான்? கம்மி பண்ணு” என்பான். கதை நடப்பது கல்வராயன் மலையில். அதற்காகவே பஸ் ஏறிப் போய், ஒரு சாமைக் காட்டோரம் இரண்டு நாள் இருந்தோம். அவன் ஒரு பாறையை வரைந்துகொண்டிருந்ததை எட்டிப் பார்த்த மலைக்காரர் ஒருவர், “பாறை எங்கியும் போவாதுங்களே, மொதல்ல ஆட்ட வரைங்க” என்றார். அந்தப் பாறையைத்தான் முதல் பக்கத்து மூலையில் போட்டு, அதன்மேல் தன் பெயரையும் காலனிப் பெயரையும் செதுக்கினாற்போல் எழுதினான். “எங்கப்பன் எழுத்துக் கூட்டித்தான் படிக்கும். அதான் பெருசா போட்டுகீறேன்” என்றான்.

பக்கங்களை இந்தத் தேதிக்குள் நேரில் கொண்டுவாருங்கள், இல்லாவிட்டால் வேறு கதை போட்டுவிடுவோம் என்று சென்னையிலிருந்து கடிதம் வந்த வாரம், எங்கள் பக்கம் இட ஒதுக்கீடு கேட்டு மறியல். சாலை நெடுக மரங்களை வெட்டிச் சாய்த்திருந்தார்கள். போராடியவர்கள் என் ஜனம். கேட்டதில் நியாயம் இருந்தது; இன்றும் அப்படித்தான் நினைக்கிறேன். ஆனால் அந்த நாட்களில் காலனிக்காரர்கள் ரோட்டுக்கே வரவில்லை.

“நீ போனா நீ திரும்பி வருவ. நான் போனா சேதிதான் வரும்” என்று சிரித்துக்கொண்டே பக்கங்களைத் துணியில் சுற்றி ஒரு பையில் போட்டுக் கொடுத்தான். கறை ஏதும் பட்டால் தொட்டுக்கொள்ள ஒரு சீசா வெள்ளைப் பெயிண்ட்டும் சின்ன பிரஷும் கூடவே வைத்தான்.

சைக்கிளில் போனேன். எலவனாசூர்கோட்டைக்குக் கொஞ்சம் முன்னால் குறுக்கே ஒரு புளியமரம். அதன்மேல் பத்துப் பேர் உட்கார்ந்திருந்தது தூரத்திலேயே தெரிந்தது. பையைப் பிரித்தால் முதலில் வருவது பாறை. பாறையில் காலனி. வாங்கிக் கிழித்துவிடுவார்கள் என்று தோன்றியது. ஒரு வேலி மறைவில் நின்று சீசாவைத் திறந்தேன். காய்வதற்கு ஊதினேன். சென்னையில் சொல்லி மறுபடி எழுதிக்கொள்ளலாம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

“எந்த ஊரு? யாரு வூட்டுப் புள்ள?”

சொன்னேன். பையைப் பிரித்துப் பார்த்தார்கள்.

“டேய், இந்த மூஞ்சியப் பாரு. நம்ம பெரியப்பா மாரியே முறைக்குது.”

“பெரியப்பாவுக்குக் கொஞ்சம் அழகு கம்மி.”

“யாருண்ணா வரைஞ்சது?”

“நான்தான்.”

சைக்கிளையும் என்னையும் தூக்கி மரத்துக்கு அந்தப் பக்கம் விட்டார்கள். பெயரைப் பார்த்திருந்தால் என்ன செய்திருப்பார்கள்? தெரியாது. அதே மாதிரி சிரித்துவிட்டுத் தூக்கி விட்டிருக்கவும் கூடும்.

சென்னை போய்ச் சேர இரண்டு நாள் ஆயிற்று. பதிப்பாளர் முழுசும் புரட்டிவிட்டு, “படமும் நீங்கதானா?” என்று கேட்டார். அங்கே மரம் கிடக்கவில்லை. யாரும் வழிமறிக்கவில்லை. அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு “உட்காருங்க” என்றார். அதற்கு முன்னால் எந்த ஆபீசிலும் எனக்கு அந்தச் சொல் கிடைத்ததில்லை. “ம்” என்றேன்.

அந்த ஒரு “ம்”மில்தான் என் பிழைப்பு தொடங்கியது. பிறகு வேறு வேறு ஓவியர்களோடு நிறைய சித்திரக்கதைகள் எழுதினேன். அவை விற்காமல் போன காலத்தில் ஒரு வீடியோ கேம் கம்பெனி கூப்பிட்டது. அங்கே பாத்திரம் ஒன்று கேள்வி கேட்டால், ஆடுகிறவர் தேர்ந்தெடுக்க மூன்று பதில் எழுதவேண்டும். அட்டையில் குறித்த பேச்செல்லாம் செலவானது. எதிரி, காவல்காரன், கடைக்காரி எல்லோருக்கும் மும்மூன்று பதில் எழுதுவேன். பதிப்பாளர் கேட்டதற்கு மட்டும் இன்றுவரை நான் சொன்ன ஒன்றுதான். கேம் முடிந்ததும் வேலை செய்த அத்தனை பேர் பெயரும் திரையில் மேலேறிப் போகும். பிள்ளைகள் கைதட்டுவார்கள். “சார், உங்க பேரு வருது” என்பார்கள். அதற்குள் நான் வெளியே வந்திருப்பேன்.

அவன் இறந்து நாளான பிறகு அவன் வீட்டுக்குப் போனேன். இதையெல்லாம் எழுதப்போகிறேன், பெயரைப் போடட்டுமா என்று அவன் மனைவியிடம் கேட்டேன். “அப்ப போடாத பேரு இப்ப இன்னாத்துக்குங்க” என்று சொல்லிவிட்டு, குடிக்கத் தண்ணீர் கொடுத்தார். அதனால்தான் இங்கேயும் அவன் பெயர் இல்லை. என்னுடையதும் வேண்டாம் என்று விட்டுவிட்டேன்.

பாத்திரக் கடை வாசலில் அவன் கேட்டதற்கு, “அச்சுல வுழுந்துடுச்சு போலடா” என்றேன்.

அவன் கட்டைவிரலால் அந்த இடத்தைத் தடவிப் பார்த்தான். வெள்ளையைப் பற்றி அவனுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அட்டையைத் திருப்பினான். கதைக்கும் சித்திரத்துக்கும் சேர்த்து ஒரே பெயர். ஒருமுறைதான் படித்தான். பெயிண்ட் படாத இடமாகப் பார்த்துப் புத்தகத்தை வைத்தான். ஏணி ஏறும்போதெல்லாம் “புடிடா” என்று என்னைக் கூப்பிடுகிறவன், கடைக்காரரிடம் ஒரு கயிறு கேட்டு வாங்கி, ஏணியின் காலைத் தூணோடு இரண்டு சுற்றுச் சுற்றிக் கட்டினான். இழுத்துப் பார்த்தான். பிறகு ஏறிப்போய், பாதியில் நின்ற எழுத்தைத் தொடர்ந்தான்.