எண்ணெய் வேண்டாம் என்ற ராணி அக்கா

இன்று, போருக்குத் தப்பி வந்தவர்கள் தங்கியிருக்கும் குருக்கள்மடம் அகதி முகாமில் நடந்ததை ஒன்றும் மறைக்காமல் எழுதுகிறேன்.

குழந்தையை எண்ணெய் பூசி நீவிவிட்டால் தாயின் மனமும் ஆறுமா என்று ஆராயும் உளவியல் மிஸ்ஸுக்கு நான்தான் படிவம் நிரப்புகிறேன்.

மிஸ் நீட்டிய எண்ணெய்ப் போத்தலை, கைக்குழந்தையோடு வந்திருந்த ராணி அக்கா பறித்துச் சுவரில் அடித்து உடைத்தார்.

"சுனாமியண்டு மூத்தவளுக்கு எண்ணெய் பூசிட்டிருந்தன். தண்ணி இழுக்கக்குள்ள கையால வழுக்கிட்டாள் மிஸ்!"

அந்நேரம் அருகில் ஷெல் குண்டு ஒன்று வெடித்தது. அக்கா இறுக்கிப் பிடித்ததில் கைக்குழந்தையின் தோளில் நகம் பதிந்து இரத்தம் கசிந்தது.

"வெறுங்கையால தடவுங்க, வழுக்காது" என்றார் மிஸ்.

அக்காவின் விரல்கள் ஒவ்வொன்றாகத் தளர்ந்தன. அடுத்த ஷெல்லுக்கும் அவர் நீவுவதை நிறுத்தவில்லை.

படிவத்தில் 'எண்ணெய் பூச மறுத்தால் காரணம்' என்பதற்கு ஒரு வரிதான் விட்டிருக்கிறார்கள். நீங்கள் என்றால் என்ன எழுதுவீர்கள்?

ஷெல்லுக்குப் பயந்து விளக்குகளை அணைத்துவிட்டார்கள்; அந்த வரி இன்னும் காலியாகவே இருக்கிறது.