அன்னூர் என்றொரு ஆள்

போன மாதம் ஒரு காலையில் வினிகர் தொட்டு ஃப்ரிட்ஜைத் துடைத்துக்கொண்டிருந்தேன். ஓய்வு பெற்றபின் வீட்டில் எனக்குக் கொடுக்கப்பட்ட பொறுப்புகளில் அது ஒன்று. மற்றவற்றைச் சொன்னால் இருக்கிற மரியாதையும் போய்விடும். அந்தப் புளித்த வாடை மூக்கில் ஏறியதும் துணியோடு அப்படியே நின்றுவிட்டேன். அது இருட்டறையின் வாடை. ஃபோட்டோத் தாளை டெவலப்பரிலிருந்து எடுத்து, படத்தை நிலைக்கவைக்கும் ஹைப்போவில் போடுவதற்கு முன்னால் ஒரு புளிப்புத் தண்ணீரில் முக்குவோம். செல்போனில் மட்டுமே படம் எடுத்தவர் நீங்கள் என்றால் இது புரியாது. பரவாயில்லை, கூடவே வாருங்கள்.

அந்த நேரம் பார்த்து அழைப்பு மணி அடித்தது என்று எழுதினால் கதை விடுகிறான் என்பீர்கள். மணி அடித்தது மறுநாள். வாசலில் கழுத்தில் கேமராவோடு ஒரு பெண். எங்கள் பல்கலைக்கழகத்துப் புகைப்படக் கழகத்தின் இப்போதைய செயலாளர், பெயர் கீர்த்தனா என்றாள். கழகத்தின் பழைய ஆள் ஒருவர் சரவணம்பட்டியில் இருப்பதாக யாரோ சொல்லி வந்திருக்கிறாள்.

"கிளப் ரூமைப் புதுப்பிக்கறோமுங்க சார். ஆரம்பிச்சவர் பேரை வாசல்ல கல்லுல வைக்கறோம். இது சரியான்னு பாருங்க."

அவள் நீட்டிய செல்போனில் எங்கள் காலத்து டீனின் பெயர் இருந்தது. எனக்குச் சுருக்கென்றது.

"இவரு ரிப்பன் வெட்டுனவருங்க அம்மணி. இவரு வெட்டறதுக்கு முன்னாலயே கிளப்பு நல்லா ஓடிட்டிருந்துது."

"அப்ப ஆரம்பிச்சது யாருங்க?"

"அன்னூரு."

"ஊருங்களா?"

"ஆளுங்க."

"சரிங்க சார். அவரு பேரு?"

எனக்கே தெரியாது என்பது அப்போதுதான் உறைத்தது.

எங்கள் விடுதியில் யாருக்கும் பெயர் கிடையாது. முதல் நாள் பெட்டியோடு வந்து இறங்குகிறவனிடம் சீனியர்கள் கேட்பது ஒன்றுதான்: "எந்த ஊருங்க?" அத்தோடு அப்பா அம்மா வைத்த பெயரைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டிவிடலாம். நான் சூலூர். பக்கத்துக் கட்டில் பெருந்துறை. மெஸ்ஸில், "பெருந்துறைக்கு இன்னொரு தோசை போடுங்க" என்று சத்தம் கேட்கும். ஒரே வயதுக்காரர்கள்தான், ஆனாலும் வாங்க போங்கதான். சண்டை போடும்போதுகூட, "மண்டைய உடைச்சுப்போடுவேனுங்க" என்றுதான் வரும். இப்படி மரியாதையாகப் பழகியதில் பெயரைக் கேட்பதை மட்டும் எல்லோரும் மறந்திருந்தோம்.

"புதன்கிழமை கல்லு வெட்டக் குடுக்கணுமுங்க சார்," என்றாள் கீர்த்தனா. "பேரு கிடைக்கலீன்னா டீன் பேருதான் வரும்."

"வராது," என்றேன். அந்தப் பெண் கொஞ்சம் பயந்துவிட்டாள் என்று நினைக்கிறேன்.

எனக்கு ஏன் அவ்வளவு வேகம் என்று கேட்பீர்கள். மெஸ்ஸுக்குப் பின்னால் வெங்காயம் போட்டு வைக்கிற ஒரு அறை, சன்னல் இல்லாதது. வார்டனைப் பார்த்துப் பார்த்து அதை இருட்டறைக்கென்று வாங்கியவர் அன்னூர். கல்யாண வீட்டிலிருந்து கொண்டுவந்த சிவப்புக் கண்ணாடித் தாளை பல்பில் சுற்றியவர் அவர். பால் பவுடர் டப்பாவையும் உடைந்த கேமராவின் லென்ஸையும் வைத்து, படத்தைப் பெரிதாக்கும் கருவியைச் செய்தவரும் அவரே. ஞாயிறு மதியங்களில் மற்றவர்கள் சினிமாவுக்குப் போக, நாங்கள் அந்த அறைக்குள் வேர்த்துக் கொட்டிக்கொண்டு நிற்போம். எங்களுடைய முதல் படங்களில் இன்றும் வெங்காய வாடை வருகிறது என்று பெருந்துறை சத்தியம் செய்வார். சத்தியம் செய்வது அவருக்குப் பழக்கம், அதை விடுங்கள்.

டெவலப்பர் தட்டில் வெள்ளைத் தாள் மிதக்கும். அன்னூர் தட்டின் ஓரத்தைப் பிடித்து மெல்ல ஆட்டிக்கொண்டே குனிவார். முதலில் தலைமயிர் கருக்கும், அப்புறம் கண்கள் வரும். அவர் உடனே, "வாங்க, வாங்க," என்பார். வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும் விருந்தாளியைக் கூப்பிடுகிற அதே குரல். சமையல்காரர் வளர்த்த கன்றுக்குட்டியைப் படம் எடுத்தபோது அதற்கும், "வாங்க கண்ணு, வாங்க" தான். நாங்கள் சிரிப்போம். சிரித்துச் சிரித்து எங்களுக்கும் அது தொற்றிக்கொண்டது. எந்தப் படமும் "வாங்க" சொல்லாமல் எங்கள் அறையில் பிறந்ததில்லை.

டீன் ரிப்பன் வெட்டிய அன்றைய படம் என்னிடம் இருக்கிறது. அதில் நான் இருக்கிறேன், பெருந்துறை இருக்கிறார், டீனின் மனைவிகூட இருக்கிறார். அன்னூர் இல்லை. எடுத்தவர் அவரல்லவா! படிப்பு முடிந்து போனவர் போனவர்தான். அதன்பின் நாற்பது ஆண்டுக்கு மேல் ஒரு தகவலும் இல்லை.

முதலில் பல்கலைக்கழக அலுவலகம் போனேன். "பேரோ ரிஜிஸ்டர் நம்பரோ குடுங்க சார். ஊரை வெச்சு எப்படிங்க தேடறது?" என்றார் அங்கிருந்தவர். ஊரை வைத்தே தேடுங்கள் என்று நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். என்னைக் கிளப்புவதற்காகவே அவர் கம்ப்யூட்டரில் தேடினார். "நீங்க சொல்ற வருசங்கள்ல அன்னூர் விலாசத்துல ஒருத்தருமே இல்லீங்க," என்றார். அந்தக் கம்ப்யூட்டரின் மேல் எனக்கு வந்த கோபம் கொஞ்சமில்லை.

பெருந்துறையை ஃபோனில் பிடித்தேன். சிப்காட்டில் தொழிற்சாலை வைத்திருக்கிறார், பின்னால் இயந்திரச் சத்தம்.

"ஏனுங்க, அன்னூரோட நெசப் பேரு என்னங்க?"

"அன்னூருதானுங்க."

"அது ஊருங்க. பேரு?"

"அட, அவருக்குப் பேரு வேற இருந்துச்சுங்களா?" என்றார்.

சரி, ஊருக்கே போய்விடுவோம் என்று மறுநாள் கிளம்பினேன். "பேரும் தெரியாது, இப்ப மூஞ்சி எப்படி இருக்கும்னும் தெரியாது. போய்ட்டு வாங்க, நல்லா இருக்கும்," என்று என் மனைவி டிபன் பாக்ஸைக் கையில் கொடுத்தாள். அன்னூர் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் டீ குடித்துக்கொண்டே, அன்னூர்க்காரர் ஒருவரைத் தேடி வந்திருப்பதாகச் சொன்னேன். டீக்கடைக்காரர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "இங்க எல்லாருமே அன்னூர்க்காரங்கதானுங்களே," என்றார். வெயிலில் தலை சுட்டுவிட்டது போலிருக்கிறது என்று ஒரு டம்ளர் தண்ணீரும் வைத்தார்.

வெட்கமாகத்தான் இருந்தது. ஆனால் டீனின் பெயர் கல்லில் ஏறுவதை நினைத்தால் கால் தானாக நடந்தது. ஒரு பழைய ஸ்டுடியோ கண்ணில் பட்டது. உள்ளே இருந்தவருக்கு ஐம்பது வயது இருக்கும், அப்பா காலத்துக் கடை என்றார். கதையை முதலிலிருந்து சொன்னேன். "வாங்க வாங்க" வந்த இடத்தில் அவர் எழுந்தே விட்டார்.

"தட்டத்துல படம் வர்றப்ப வாங்கன்னு கூப்புடுவாருங்களே, அவரா? எங்கப்பாகிட்டத்தான் ஹைப்போ வாங்கிட்டுப் போவாரு. ஆனா அவரு அன்னூரு இல்லீங்க. புளியம்பட்டிக்காரரு. இங்க வந்துதான் கோயமுத்தூருக்கு பஸ் மாறுவாரு."

அடுத்த புளியம்பட்டி பேருந்தில் ஏறினேன்.

ஸ்டுடியோக்காரர் சொன்ன அடையாளத்தை வைத்து விசாரித்துப் போன வீட்டின் முன்னால் வாழைத்தார்கள் அடுக்கியிருந்தன. தலை முழுக்க நரைத்த ஒருவர் வெளியே வந்து, "யாருங்க?" என்றார். என் பெயரைச் சொல்லிப் பயனில்லை என்று எனக்குத் தெரியும்.

"சூலூருங்க."

அவர் அசையாமல் என் முகத்தைப் பார்த்தார். மெல்லக் குனிந்தார். "வாங்க," என்றார். பிறகு இன்னும் மெதுவாக, "வாங்க, வாங்க." கன்றுக்குட்டிக்குக் கிடைத்த மரியாதை எனக்கும் கிடைத்துவிட்டது.

பெயர் மாரப்பன். காபி வந்ததும் சண்டைக்குப் போனேன்.

"ஏனுங்க, நான் அன்னூரு இல்லைன்னு ஒரு வார்த்தை சொல்லக் கூடாதுங்களா? எத்தனை அலைச்சல்!"

"மொத நாளு அன்னூர் பஸ்ல இருந்து எறங்குனதப் பாத்துட்டு, சீனியரு வாங்க அன்னூருன்னாரு. அத்தனை பேரு முன்னால தப்புங்கன்னு சொன்னா அவரு மனசு சங்கடப்படுமில்லீங்களா? அதான் உட்டுப்போட்டேன்."

அந்த ஒரு சங்கடத்துக்காகப் படிப்பு முடியும்வரை அன்னூராகவே இருந்திருக்கிறார் மனிதர்! நான் தலையில் அடித்துக்கொண்டேன். அங்கிருந்தபடியே கீர்த்தனாவுக்குப் பெயரைச் சொன்னேன், எழுத்து எழுத்தாக, இரண்டு முறை.

கல் திறந்த அன்று மாரப்பனைக் கையோடு கூட்டிப்போனேன். பெருந்துறையிடம் அன்னூர் கிடைத்துவிட்டார் என்று மட்டும் சொல்லியிருந்தேன். அவர் காரிலிருந்து இறங்கிய வேகத்தில் வந்து கட்டிப்பிடித்தார். இருவரும் அழுதார்கள், நான் மட்டும் என்ன, நானும்தான். பிறகு பெருந்துறை கண்ணாடியை மாட்டிக்கொண்டு கல்லைப் படித்தார். முகம் சிவந்துவிட்டது.

"யாருங்க இந்த மாரப்பன்? நம்ம அன்னூரு பேரைப் போடாம எவன் பேரையோ போட்டு வெச்சிருக்காங்க! சூலூரு, நீங்க கூட இருந்துமா இப்படி நடக்கோணும்?"

நான் சொல்ல வாயெடுத்தேன். மாரப்பன் என் கையை அழுத்தினார்.

"உடுங்க பெருந்துறை. அவரும் நல்ல மனுசராத்தான் இருப்பாரு."

உள்ளே போய்ப் பார்த்தோம். சன்னல் வைத்துவிட்டார்கள். நாங்கள் படம் கழுவிய தண்ணீர்த் தொட்டி இருந்த இடத்தில் கம்ப்யூட்டர். புதுப் பெயின்ட் வாடை மட்டும் அடித்தது. பொருளாளர் என்று ஒரு பையனை அறிமுகப்படுத்தினாள் கீர்த்தனா. இந்தத் தம்பி எந்த ஊர் என்று அவளிடம் கேட்டேன். "தெரியலீங்க சார், கேட்டதில்ல," என்றாள். அவன் பெயரை மட்டும் இனிஷியலோடு சொன்னாள். அவர்கள் பாடு லேசு, பின்னால் தேடுகிறவனுக்கு அலைச்சல் இருக்காது.

சாயந்திரம் மாரப்பனைப் பேருந்து ஏற்றிவிட்டேன். படியில் நின்று திரும்பி, "வாரேனுங்க சூலூரு," என்றார். சூலூரில் எங்கள் வீடு கைமாறி, இடித்து, வேறு ஏதோ கட்டிவிட்டார்கள். அங்கே என்னைத் தெரிந்தவர் ஒருவரும் இல்லை. அந்தப் பெயரைச் சொல்லி என்னைக் கூப்பிட உலகத்தில் இரண்டே பேர்தான் மிச்சம். இருவரும் அன்றைக்கு ஊருக்குத் திரும்பிவிட்டார்கள்.