கட்டைவிரலால் மறைத்த பெயர்

தில்லியில் தமிழ் பேசும் ரேடியாலஜிஸ்ட் ஞாயிற்றுக்கிழமை காய் வாங்கப் போகக் கூடாது. ஐ.என்.ஏ. மார்க்கெட்டில் நான் முருங்கைக்காய் பொறுக்கிக்கொண்டிருக்கும்போதே யாராவது தங்கள் பையிலிருந்து எக்ஸ்ரேயை உருவிவிடுவார்கள். கடைக்காரப் பையாவும் எட்டிப் பார்த்துத் தன் அபிப்பிராயத்தைச் சொல்வான்.

அன்று பிடித்துக்கொண்டது எங்கள் குடியிருப்பின் மேல்மாடி ஆன்ட்டி. மத்திய அரசில் பெரிய பதவி வகித்து ஓய்வு பெற்றவரின் மனைவி, குருகிராமில் ஐ.டி. வேலையிலிருக்கும் மகனுக்கு மும்முரமாகப் பெண் தேடிக்கொண்டிருந்தார். போனை என் மூக்குக்கு நேரே நீட்டினார். ஒரு பெண்ணின் அடிவயிற்று எம்.ஆர்.ஐ. ரிப்போர்ட். பெயர் இருக்கும் இடத்தைக் கட்டைவிரலால் பொத்தியிருந்தார்.

"பேரை மறைச்சுட்டேன் பாரு. சட்டமெல்லாம் எனக்கும் தெரியும்."

கீழேயிருந்த கையெழுத்து என்னுடையது.

"நீ எழுதினதுதானே? அதான் உன்கிட்டயே வந்தேன். ஜாதகம் பிரமாதமா பொருந்தியிருக்கு. பொண்ணோட அப்பாவே இதை அனுப்பினார், ஒளிவுமறைவு இல்லாத மனுஷன். ஏதோ கட்டின்னு போட்டிருக்கே, குழந்தை பொறக்குமா? ஜல்தி சொல்லு, நான் அவங்களுக்குப் பதில் சொல்லணும்."

சொல்வதற்கு ஒரே வரிதான். சினைப்பையில் சின்ன நீர்க்கட்டி. இந்த வயதில் சர்வசாதாரணமாக வரும், பெரும்பாலும் தானாகவே போய்விடும். ஆனால் ஒருத்தியின் உடம்பில் இருப்பதை அவளுடைய சம்மதம் இல்லாமல் இன்னொருவரிடம் சொல்ல எனக்கு உரிமையில்லை. நல்ல செய்தியானாலும் இல்லை.

"அந்தப் பொண்ணைத் தவிர வேற யார்கிட்டயும் நான் இதைப் பேசக் கூடாது ஆன்ட்டி."

"அச்சா…" என்று இழுத்தார். "நீயே வாயைத் திறக்கலைன்னா விஷயம் பெரிசாத்தான் இருக்கணும்."

"அப்படி அர்த்தமில்லை" என்றேன். மழுப்புகிறேன் என்று முடிவு கட்டிவிட்டார். மேற்கொண்டு ஒரு வார்த்தை சொன்னாலும் ரிப்போர்ட்டைப் படித்துக் காட்டியதாகிவிடும். எனக்கு எரிச்சல் பற்றிக்கொண்டு வந்தது. நான் வாயைத் திறந்தால் அந்தப் பெண்ணுக்குக் கல்யாணம். மூடினால் அவள் சீக்காளி. இப்படியொரு கேள்வியை எங்கள் பரீட்சையில் யாரும் கேட்டதில்லை.

அந்த ரிப்போர்ட் அப்பாவின் கைக்கு எப்படிப் போனது என்று மறுநாள் எங்கள் ஸ்கேன் சென்டரின் வரவேற்பில் விசாரித்தேன். அப்பா அப்பாயின்ட்மென்ட் வாங்கினார், அதனால் அப்பாவின் நம்பர், ரிப்போர்ட் வாட்ஸாப்பில் தானாகவே போய்விடும் என்று அங்கிருந்த பெண் பெருமையோடு விளக்கினாள். அவள் தலைக்கு மேலே போர்டு தொங்கியது. வயிற்றிலிருக்கும் சிசு ஆணா பெண்ணா என்று இங்கே சொல்லப்படாது என்பதை இரண்டு மொழிகளில், தடித்த எழுத்தில் எழுதி வைத்திருக்கிறோம். அந்தச் சிசு பிறந்து, வளர்ந்து, எம்.பி.ஏ. முடித்து ஸ்கேனுக்கு வந்து படுத்தால் அதன் வயிற்றை யாருக்கெல்லாம் காட்டலாம் என்பதற்கு ஒரு துண்டுச் சீட்டுகூட ஒட்டவில்லை.

அந்த வாரமே சம்பந்தம் முறிந்தது. லிஃப்டில் ஆன்ட்டியே சொன்னார், ஏதோ நான் அவர் குடும்பத்தைக் காப்பாற்றியது போல நன்றியோடு. டாக்டரே வாயைத் திறக்கவில்லை என்று பெண் வீட்டுக்கும் சொல்லிவிட்டாராம்.

சில நாள் கழித்து அந்தப் பெண் அப்பாவோடு சென்டருக்கு வந்தாள். அதற்கு முன் அவள் முகத்தை நான் பார்த்ததில்லை. டெக்னீஷியன் படம் எடுப்பார், நான் வேறு அறையில் திரையைப் பார்த்து எழுதுவேன். எங்கள் வேலை அப்படி. திட்டத்தான் வந்திருக்கிறாள் என்று நினைத்தேன். வாங்கிக்கொள்ளத் தயாராகவும் இருந்தேன்.

"அந்த ஆன்ட்டிகிட்ட நீங்க சொல்லலை. டீக் ஹை, அது சரிதான்" என்றாள். தில்லியில் பிறந்து வளர்ந்தவள், தமிழ் தட்டுத்தடுமாறி வந்தது. "அப்பா பாத்தாச்சு. சித்தப்பா பாத்தாச்சு. அந்த வீட்ல எல்லாரும் ஜூம் பண்ணிப் பாத்தாச்சு. எனக்கு மட்டும் யாரும் காட்டலை. கேட்டா, உனக்கு எதுக்கு டென்ஷன்னு சொல்றாங்க. எனக்கு என்ன ஆச்சு, மேடம்?"

அந்த ஒளிவுமறைவு இல்லாத மனுஷன் அதற்குள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார். "சொல்லுங்க டாக்டர், நானும் கேட்டுக்கறேன்."

நான் அவளிடம் கேட்டேன்: "அப்பா இருக்கலாமா?"

இப்படி ஒரு கேள்வி அவளிடம் கேட்கப்படும் என்று இருவருமே எதிர்பார்க்கவில்லை. அவர் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை.

"வெளியில இருங்கப்பா" என்றாள்.