பாவு விரிக்காத நாள்

அந்தக் காலையில் நடந்தவை, பின்னால் விசாரித்து நான் தெரிந்துகொண்ட வரிசையில்:

1. அப்பா வழக்கம்போல நாயைக் கூட்டிக்கொண்டு குத்துக்கல்வலசை வீட்டிலிருந்து கிளம்பினார்.
2. சாரல் விழுந்துகொண்டிருந்ததால் நெசவுத் தெருவில் யாரும் பாவு விரிக்கவில்லை.
3. தெருமுனையில் நனைந்துகொண்டு நின்றவரிடம் தறிக்கார அண்ணாச்சி ஒரு வார்த்தை சொன்னார். அப்பா அவருக்கு சல்யூட் அடித்தார்.
4. நாயின் கயிற்றை அண்ணாச்சி கையில் கொடுத்தார்.
5. குற்றாலம் சாலையில் நடந்து போனார்.

அந்தக் கயிறு இப்போது என்னிடம் இருக்கிறது. கடையில் வாங்கியதல்ல. தறியில் மிஞ்சும் நூல் துண்டுகளைச் சேர்த்து அண்ணாச்சியே முறுக்கிக் கொடுத்தது. பச்சையும் ஊதாவும் அரக்குமாக ஒழுங்கில்லாத நிறங்கள். கையில் பிடிக்கும் இடத்தில் மட்டும் அழுக்கேறி ஒரே நிறமாகிவிட்டது. "ஏட்டய்யா சம்பளம் வாங்காம வேல பாக்காருலா, இதயாவது வச்சுக்கிடட்டும்" என்றாராம்.

அப்பா ஏட்டாக ஓய்வு பெற்றவர். ஓய்வுக்குப் பிறகு நினைவு கொஞ்சம் கொஞ்சமாக அவரை விட்டுப் போனது. முதலில் சாவி, பிறகு தெருக்கள், பிறகு என் பெயர். அம்மாவைச் சில நாட்கள் தன் அக்கா என்று நினைத்துக்கொண்டார். காவல் வேலை மட்டும் போகவில்லை. நாய்க்குப் பாரா என்று பெயர் வைத்திருந்தார். ஸ்டேஷன் வாசலில் துப்பாக்கியோடு நிற்கும் முறைக்கு அந்தப் பெயர். "நாய் கூடத்தான போறாரு, அது கொண்டாந்து விட்டுரும்" என்று அம்மா தைரியமாக இருந்தாள். அது உண்மையும்கூட. பாரா ஒரு நாளும் அவரைத் தொலைத்ததில்லை.

கோடையில் ஒரு காலை அவர்கள் இருவரும் பழைய தென்காசியின் நெசவுத் தெருவுக்குள் போயிருக்கிறார்கள். அங்கே பாவு விரித்திருந்தார்கள். சேலையின் நீளவாட்டு இழைகளைத் தெரு நீளத்துக்கு இழுத்துக் கட்டி, கஞ்சி தடவி, நீண்ட பிரஷ்ஷால் நீவிக் காயவைப்பது. ஒரு பைக் உள்ளே வந்தால் பல நாள் உழைப்பு அறுந்துவிடும். பைக் ஒன்று வந்தது. அப்பா கையை உயர்த்தினார். பைக் நின்றது. அன்றிலிருந்து அது அவருடைய டூட்டி.

தெருக்காரர்கள் அவரைக் கேலி செய்தார்கள், அவர் இல்லாமல் பாவு விரிக்கவும் தயங்கினார்கள். "என்ன ஏட்டய்யா, இன்னைக்கு லேட்டு? எஸ்.பி. கேட்டாருலா!" என்பார்கள். "மெமோ குடுத்துருவாங்களோலே?" என்று அப்பா நிஜமாகவே கவலைப்படுவார். பாவைச் சுருட்டிய பிறகு அண்ணாச்சி வந்து, "டூட்டி முடிஞ்சுது ஏட்டய்யா" என்று சொல்ல வேண்டும். சொல்லாமல் அப்பா அந்த இடத்தை விட்டு நகர மாட்டார். காவலுக்கு நிற்பவரை ஆள் வந்து மாற்ற வேண்டும். அவர் வாழ்நாள் முழுக்க இருந்த முறை அதுதான்.

மலையில் சீசன் முன்பே தொடங்கியிருந்தாலும், அந்த வருடம் ஊருக்குள் சாரல் இறங்கிய முதல் நாள் அது. தொடங்காத டூட்டியை எப்படி முடித்துவைப்பது என்று அண்ணாச்சிக்குத் தெரியவில்லை.

"வீட்டுக்குப் போங்கன்னு சொன்னேன் தாயி, கேக்கல. நனைஞ்சிக்கிட்டே நிக்காரு. சும்மா சிரிப்புக்கு, 'பாவு கெடையாது ஏட்டய்யா, உங்களுக்கு இன்னைக்குக் குத்தாலத்துல பந்தோபஸ்து'ன்னு சொல்லிட்டேன். சல்யூட் அடிச்சாரு. 'பந்தோபஸ்துக்கு நாய் கூடாதுலே, நீ பாத்துக்கோ'ன்னு கயித்தக் குடுத்தாரு. கடை வரைக்கும் போய்ட்டு மறந்து திரும்பிருவாருன்னு நெனச்சேன். எல்லாத்தயும் மறக்கவரு, இத மட்டும் மறக்கல தாயி."

நான் காற்றாலைப் பராமரிப்பில் பொறியாளர். அந்த நேரம் சுரண்டைப் பக்கம் ஒரு கோபுரத்தின் உச்சியில் இருந்தேன். இறங்கி வந்து செல்போனை எடுத்தபோது அம்மாவின் அழைப்புகள் வரிசையாக நின்றன.

குற்றாலத்தில் ஒரு கடையின் கேமராவில் அப்பா இருந்தார். சீசன் கூட்டத்தின் நடுவே கையை உயர்த்தி ஒரு வேனை நிறுத்துகிறார். வேன் நிற்கிறது. குடும்பங்கள் கடந்து போகின்றன. பிறகு அருவியில் தண்ணீர் கூடியதும் விசில் ஊதிக் கூட்டத்தை வெளியேற்றுகிறார்கள். எல்லோரும் துண்டும் ஈரத்துணியுமாக வெளியே ஓடி வருகிறார்கள். அப்பா மட்டும் உள்ளே போகிறார். அதற்குப் பிறகு எந்தக் கேமராவிலும் அவர் இல்லை. அவ்வளவு பேர் இருந்த இடத்தில், "டூட்டி முடிஞ்சுது" என்று அவரிடம் சொல்ல ஒரு ஆள் இல்லை.

பாராவை அங்கே கூட்டிப்போனேன். சாரல் எல்லா வாசனையையும் கழுவியிருந்தது. சிப்ஸ் கடைகளுக்கும் பழக்கடைகளுக்கும் நடுவே அது உட்கார்ந்துகொண்டது. தேடவே இல்லை. அதற்குத் தெரிந்த அப்பா குற்றாலத்தில் இல்லை, நெசவுத் தெருமுனையில் இருக்கிறார்.

அதனால் விடுமுறை நாட்களில் நாயை அதன் போக்கில் விட்டுப் பின்னால் போகிறேன். கோயிலும் பஸ் ஸ்டாண்டும் தவிர என் ஊரில் எனக்கு எதுவும் தெரிந்திருக்கவில்லை என்பது இப்போதுதான் தெரிகிறது. கோயில் கோபுரம் கட்டிய காலத்திலேயே இங்கே தறி இருந்ததாகத் தெருக்காரர்கள் சொல்கிறார்கள். ஒவ்வொரு வீட்டுத் தறிக்கும் ஒரு சத்தம். சாயம் தோய்க்கும் வீட்டின் சாக்கடை ஒரு நாள் நீலமாகவும் மறுநாள் சிவப்பாகவும் ஓடுகிறது. டீக்கடை வாசலில் பாரா நிற்கிறது, ரஸ்க் விழுகிறது. அப்பா நின்ற இடங்களிலெல்லாம் அது நிற்கிறது. ஒவ்வொன்றையும் வரைபடத்தில் குறித்தேன். எங்காவது ஒரு புள்ளி இந்தத் தெருக்களை விட்டு வெளியே போகும், அங்கே அவர் இருப்பார் என்று நம்பினேன். ஒரு புள்ளியும் போகவில்லை.

அண்ணாச்சி இப்போது யாரையும் கேலி செய்வதில்லை. என்னைக் கண்டால் தறியை நிறுத்திவிடுகிறார். நிறுத்தாதீர்கள் என்று சொல்லிப் பார்த்தேன், கேட்கவில்லை. பாவு விரிக்கும் நாளில் பாரா தெருமுனையில் உட்கார்ந்துவிடும். கயிற்றை இழுத்தாலும் எழாது. நானும் அதன் பக்கத்தில் நிற்கிறேன். பைக் வந்தால் கையை உயர்த்துகிறேன், சிலர் நிற்கிறார்கள். பாவைச் சுருட்டியதும் அண்ணாச்சி வந்து, என் முகத்தைப் பார்க்காமல், நாயிடம் குனிந்து "டூட்டி முடிஞ்சுது" என்கிறார். அது எழுந்து வீட்டுக்கு நடக்கிறது.

அப்பா கிடைக்கவில்லை. உடலும் கிடைக்கவில்லை. புகார் நிலுவையில் இருக்கிறது. கயிற்றின் ஒரு புரி அறுந்துவிட்டது. பாத்துக்கோ என்று கொடுத்தவர் அதைத் திரும்ப வாங்க வரவில்லை.