டீக்கி மாமாவின் மடி

யாங்கோனுக்கு வந்து இத்தனை வருடமாகியும், எங்கள் பட்டறையின் மரச்சிற்பி ஊ தெய்ன் செய்யும் ஒரு காரியம் எனக்கு வேடிக்கையாகவே இருக்கிறது. செதுக்கிய மரத்தலை எதையும் அவர் தரையில் விட்டுவிட்டு வீட்டுக்குப் போகமாட்டார். எல்லாவற்றையும் உயரமான பலகையில் ஏற்றிவைத்துவிட்டுத்தான் குடையை எடுப்பார். சாமி சிலையாக இருந்தால் சரி, மதுக்கடைக்குப் போகிற பொம்மைக்கும் இதே உபசாரம். ஆனால் என் மகள் கயலுக்குக் காது குத்துகிற விஷயத்தில் எனக்கு ஒரு வழி பிறந்ததே அவருடைய இந்தப் பிடிவாதத்தால்தான்.

கயலுக்கு மூன்று வயது முடியப்போகிறது. தாய்மாமன் மடியில் உட்காரவைத்துக் காது குத்துவது எங்கள் வழக்கம். நாகப்பட்டினத்திலிருக்கும் என் அண்ணனோ இந்தா வருகிறேன், அந்தா வருகிறேன் என்கிறார். இங்குள்ள நிலவரத்தில் வாங்க என்று கூப்பிட எனக்கே வாய் வரவில்லை. நாங்கள் போகவும் தோதுப்படவில்லை. எனக்குக் காது குத்தியபோது நான் வீறிட்டதும், மாமாவின் இரண்டு கையும் என்னை இறுக்கிக்கொண்டதும் இன்னும் ஞாபகமிருக்கிறது. என் பிள்ளைக்கு மாமா என்றால் போனில் தெரிகிற மீசை மட்டும்தான். நினைத்தால் அழுகைதான் வரும்.

போட்டாதாங் படகுத்துறைப் பக்கம் என் கணவர் வீட்டாரின் மரப்பட்டறை. ஆர்டர் பிடிப்பது என் வேலை. புதிதாக மதுக்கடை திறக்கும் மா சூ என்ற பெண் டீக்கி முக்காலிகள் கேட்டாள். பெரிய கண்ணும், பல்லைக் காட்டும் வாயுமாக இருக்கிற மரமுகம்தான் டீக்கி. பசிபிக் தீவுக்காரர்களுக்கு அவர் முதல் மனிதர், மூதாதை. புனித இடங்களின் எல்லையில் காவல் நிற்பவர். நம்மூர் முனீஸ்வரனுக்குத் தூரத்துச் சொந்தம் என்று வைத்துக்கொள்ளுங்களேன். பிறகு அமெரிக்கர்கள் கண்ணில் பட்டார். மதுக்கடைக்கு இழுத்துவந்து கோப்பையாக்கினார்கள், விளக்குத் தண்டாக்கினார்கள், சட்டையில் அச்சடித்தார்கள். மா சூவின் போனில் அவர் ஊதா நிறத்தில், கறுப்புக் கண்ணாடி மாட்டிக்கொண்டு இளிக்கிறார். பிழைக்கப் போன இடத்தில் நாம் படுகிற பாடு எனக்குத் தெரியும். இவர் பட்டது கொஞ்சம் அதிகம்தான்.

முக்காலியில் டீக்கியின் உச்சந்தலையே உட்காரும் பலகை. படத்தைப் பார்த்ததும் ஊ தெய்ன் உளியைக் கீழே வைத்துவிட்டார். முகம் கோரமாக இருக்கிறதே என்று யோசிக்கிறாராக்கும் என நினைத்து, “சிரிக்கிற மாதிரி செஞ்சிரலாம்” என்றேன்.

“சிரிச்சா ஆச்சா, மா மலர்? யாரோ வீட்டுப் பெரியவர்னு நீங்கதானே சொன்னீங்க. அவர் தலைமேலயா உக்காருவாங்க?” பெயருக்கு முன்னால் மரியாதைக்கு ‘மா’ போட்டு, பர்மியத்தில்தான் சொன்னார். எனக்கென்னவோ அது எங்களூர்த் தமிழாகவே காதில் விழுந்தது.

என் வாய் சும்மா இருந்திருக்கலாம். அன்று முழுக்க அதே யோசனை. சாயங்காலம் கயலை மடியில் போட்டுச் சோறு ஊட்டும்போதுதான் பளிச்சென்று தோன்றியது. மறுநாள் பட்டறைத் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து காட்டினேன். “தலைமேல வேண்டாம், ஊ தெய்ன். இப்படி மடியில உக்காரட்டும். அவர் தலை நமக்கு மேல இருக்கட்டும்.” கூடவே காதுகுத்துக் கதையையும் சொன்னேன். பர்மியர்களும் பெண்பிள்ளைக்குக் காது குத்தி விழா எடுப்பவர்கள், அதனால் அவருக்கு அதிகம் விளக்க வேண்டியிருக்கவில்லை.

“மடின்னா சரி” என்று உளியை எடுத்தார்.

முதல் நாற்காலி முடிந்தது. முதுகுக்குப் பின்னால் நெஞ்சு, அதற்கு மேலே பெரிய முகம், இரு பக்கமும் முன்னால் வளைந்து வருகிற கைகள். மா சூ முகத்தைச் சுளித்துக்கொண்டே உட்கார்ந்தாள், பிறகு எழுந்திருக்க மனமே வரவில்லை. அவள் போனதும் கயல் ஏறி உட்கார்ந்து, அண்ணாந்து பார்த்து, “மாமா” என்றாள். வாயைத் திறந்தால் பர்மியம் பேசுகிற பிள்ளைக்குத் தெரிந்த சில தமிழ்ச் சொற்களில் அதுவும் ஒன்று. எனக்குச் சுருக்கென்றது. ஆனாலும் திருத்தவில்லை.

அண்ணனுக்குப் போன் போட்டு, இந்த மடியிலேயே காது குத்திவிடலாம் என்றேன்.

“மரப்பொம்ம மடியிலயா?” என்றார்.

“ஆமாண்ணே. இன்னும் எத்தன நாளைக்குத் தள்ளிப்போட?”

“சரி, நேரத்தச் சொல்லு” என்று வைத்துவிட்டார்.

நாற்காலி கடைக்குப் போவதற்கு முன்னாலேயே, பட்டறையில் வைத்துக் காது குத்தினோம். அண்ணன் பார்க்கட்டுமென்று டீக்கியின் கையில் போனைச் சாய்த்து வைத்திருந்தேன். நகை செய்யும் பத்தர் ஊசியை எடுத்ததும் கயல் அலறி, மரநெஞ்சில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். வளைந்த மரக்கையை அவள் பிடித்த பிடி, விரலைப் பிரித்தெடுக்க முடியவில்லை. ஊ தெய்ன் திரும்பிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

எல்லாம் முடிந்துதான் போனைக் கையில் எடுத்தேன். அண்ணன் பட்டுவேட்டி கட்டி, நடுக்கூடத்தில் பாய்போட்டுச் சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தார். மடியில் புதுத்துண்டு விரித்திருந்தது.

“நல்லபடியா முடிஞ்சுதுண்ணே.”

“பாத்துக்கிட்டுத்தாம்மா இருந்தேன்” என்றார். “அப்ப நான் எந்திரிக்கலாமா?”